மணி கோத்துக் கணக்குக் கற்பித்த மாதரசி

ஐந்தும் மூன்றும் எத்தனை?

நாலு வயதுக் குழந்தையிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். திருதிருவென்று விழிக்கும். அதே குழந்தையின் முன்னால் ஐந்து புளியங்கொட்டைகளை ஒரு பக்கமும், மூன்றை மறு பக்கமும் வையுங்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணும். எட்டு என்று சொல்லும். சொல்லிவிட்டுச் சிரிக்கும்!

கணக்கு ஒன்றுதான். முதலில் காதுக்குச் சொன்னோம், குழந்தைக்குப் புரியவில்லை. பிறகு கையில் கொடுத்தோம், புரிந்துவிட்டது.

இந்தச் சின்ன உண்மையைப் பிடித்துக்கொண்டு, உலகமெங்கும் பள்ளிக்கூடங்களின் போக்கையே மாற்றினார் ஒரு பெண்மணி. அவர் இத்தாலி நாட்டுக்காரர். பெயர் மரியா மாண்டிசோரி. நம் ஊர்த் தெருக்களில் மாண்டிசோரி பள்ளிக்கூடம் என்று பெயர்ப் பலகை பார்க்கிறோம் அல்லவா? அந்தப் பெயருக்கு உரியவர் இவர்தான்.

ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தாயாக இருந்தவர் அவர். ஆனால், தாம் பெற்ற பிள்ளையைத் தம் மகன் என்று சொல்ல முடியாமல் பல ஆண்டுகள் தவித்தவரும் அவரே. அந்தத் தவிப்பு தீர்ந்தது எங்கே தெரியுமா? நம் சென்னையில் அவர் காவலில் இருந்த காலத்தில்!

பெண் டாக்டர்

1870-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி, இத்தாலியில் கியாரவல்லே என்ற சிற்றூரில் மரியா பிறந்தார். தந்தை அரசாங்க அதிகாரி. பெற்றோருக்கு அவர் ஒரே குழந்தை. மரியா சிறுமியாக இருந்தபோதே குடும்பம் ரோம் நகரத்தில் குடியேறியது.

அந்தக் காலத்தில் பெண்கள் படித்தால் ஆசிரியை வேலைக்குத்தான் போவார்கள். மரியாவுக்கோ கணக்கில் ஆசை. என்ஜினீயர் ஆக வேண்டும் என்று ஆண்பிள்ளைகள் படிக்கும் தொழில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். பிறகு மனம் மாறி, டாக்டருக்குப் படிப்பேன் என்றார். தந்தைக்குப் பிடிக்கவில்லை. தாயோ மகளின் பக்கம் நின்றார்.

மருத்துவக் கல்லூரியில் ஆண் மாணவர்களுடன் சேர்ந்து பிணத்தை அறுத்துப் பார்க்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. எல்லோரும் போன பிறகு தனியாக வந்து அறுத்துப் படிக்க வேண்டும். பிணங்கள் கிடக்கும் அறையில், தன்னந்தனியாக ஓர் இளம் பெண்! மரியா பயப்படவில்லை. 1896-ம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். இத்தாலியில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் சில பெண்களில் அவரும் ஒருவர். தந்தையின் கோபமும் பிறகு தணிந்தது.

ரொட்டித் துணுக்குகள்

டாக்டர் வேலையில் அவர் பார்த்த ஒரு காட்சி அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது.

அந்த நாளில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் பெரியவர்களோடு அடைத்து வைப்பார்கள். வெறும் அறை. தொட்டு விளையாட ஒரு பொருள் கிடையாது. சாப்பாடு முடிந்ததும் குழந்தைகள் தரையில் தவழ்ந்து, சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவார்கள். அது பேராசை என்று அங்கே இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள்.

டாக்டர் மரியா வேறு விதமாக நினைத்தார். இந்தக் குழந்தைகளின் வயிற்றுக்குப் பசி இல்லை, கைகளுக்குத்தான் பசி! கையில் பிடிக்க, உருட்ட, அடுக்க ஏதாவது வேண்டும் என்று தவிக்கிறார்கள் என்று கண்டுகொண்டார்.

இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு இதார், செகான் என்ற இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள் முன்பே பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர்களுடைய நூல்களை மரியா தேடிப் படித்தார். மரத்தில் எழுத்துகள் செய்தார். தொட்டுப் பார்க்கும் சாமான்கள் செய்தார். காலை முதல் மாலை வரை குழந்தைகளோடு இருந்தார். உதவாது என்று ஒதுக்கிய குழந்தைகளில் சிலர் எழுதப் படிக்கக் கற்று, மற்றப் பிள்ளைகள் எழுதும் பரீட்சையிலேயே தேறிவிட்டார்கள்!

ஊரே பாராட்டியது. மரியாவுக்கோ வேறு கவலை. மூளை வளராத பிள்ளைகளே இவ்வளவு கற்றுக்கொண்டால், நல்ல மூளையுள்ள பிள்ளைகள் ஏன் இந்த அளவிலேயே நிற்கிறார்கள்? பள்ளிக்கூடத்தில்தான் ஏதோ கோளாறு இருக்கிறது என்று முடிவு செய்தார்.

மறைத்து வைத்த மகன்

அந்த வேலையில் அவரோடு இருந்தவர் மாந்தெசானோ என்ற டாக்டர். இருவரும் நேசித்தார்கள். 1898-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி மரியாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஆனால் இருவருக்கும் திருமணம் ஆகவில்லை.

விஷயம் வெளியே தெரிந்தால் அவ்வளவுதான். வேலை போகும். பேர் கெடும். பாடுபட்டுப் பெற்ற டாக்டர் படிப்பே வீணாகும். ஆகவே, குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்தில் வளர்க்கக் கொடுத்தார்கள். மரியா அவ்வப்போது போய்ப் பார்ப்பார். பையன் ஓடியாடுவதைக் கண்ணாரக் காண்பார். ஆனால் நான்தான் உன் தாய் என்று சொல்ல முடியாது. மாந்தெசானோ பின்னர் வேறொரு பெண்ணை மணந்தார். மரியா அந்த வேலையை விட்டு விலகினார். கடைசிவரை அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

பையனின் பெயர் மரியோ. அவனுக்குச் சுமார் 15 வயதானபோது, மரியாவின் தாயார் காலமான பிறகு, மகனைத் தம்மோடு அழைத்துக்கொண்டார். அப்போதும் உறவுப் பையன் என்றும், வளர்ப்பு மகன் என்றும்தான் பிறரிடம் சொல்லி வந்தார்.

திருநாளில் திறந்த பள்ளிக்கூடம்

இத்தாலிக் குழந்தைகளுக்கு ஜனவரி 6-ந் தேதி பெரிய திருநாள். மூன்று ராஜாக்கள் குழந்தை ஏசுவைக் காண வந்த நாள் அது. அதற்கு முந்திய இரவில் பெபானா என்ற கிழவி துடைப்பத்தின்மேல் ஏறி வருவாளாம். நல்ல பிள்ளைகளுக்கு மிட்டாயும் பொம்மையும் வைப்பாளாம். குறும்புக்காரப் பிள்ளைகளுக்குக் கரித்துண்டு வைப்பாளாம்!

1907-ம் ஆண்டில் அந்தத் திருநாளன்றுதான் டாக்டர் மாண்டிசோரியின் முதல் பள்ளி திறக்கப்பட்டது. ரோம் நகரத்தில் சான் லொரென்சோ என்பது பரம ஏழைகள் வாழ்ந்த பகுதி. அங்கே ஒரு கம்பெனி பழைய வீடுகளைப் புதுப்பித்து ஏழைகளுக்கு வாடகைக்கு விட்டது. தாயும் தகப்பனும் கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். சின்னக் குழந்தைகள் சுவரில் கிறுக்கி, மாடிப்படியை உடைத்துக்கொண்டு திரிந்தன. அவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்றார் மாண்டிசோரி. பெரிய டாக்டர் இந்தச் சின்ன வேலைக்குப் போகலாமா என்று சிலர் கேலி செய்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை.

முதல் நாள் வந்த குழந்தைகள் சுமார் 50 பேர். எல்லோரும் 3 வயது முதல் 6 வயது வரை உள்ளவர்கள். முகத்தில் ஒளி இல்லை. பலர் அழுதார்கள். வாய் திறந்து பேசவே பயந்தார்கள்.

மாண்டிசோரி அவர்கள் முன்னால் தம்முடைய சாமான்களை வைத்தார். குழந்தைகள் எடுத்தார்கள். விளையாடினார்கள்.

ஒரு நாள் 3 வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையில் உள்ள குழிகளில் சின்னதும் பெரியதுமான உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். எடுப்பாள், கலப்பாள், மறுபடி பொருத்துவாள். மாண்டிசோரி எண்ணத் தொடங்கினார். மற்றக் குழந்தைகளைச் சுற்றி நின்று பாடச் சொன்னார். சிறுமி திரும்பவில்லை. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு தூக்கி மேஜைமேல் வைத்தார். அப்போதும் உருளைகளை மடியில் கட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்குமேல் அதையே செய்தபின் தானாக நிறுத்தி, தூங்கி எழுந்தவள்போல் மலர்ந்து பார்த்தாள்.

சின்னக் குழந்தைக்கு மனம் ஒரு நிலையில் நிற்காது என்று பெரியவர்கள் சொல்வது தவறு என்று மாண்டிசோரிக்கு அன்று தெரிந்தது. கைக்குச் சரியான வேலை கிடைத்தால் மனம் தானாக நிற்கும்!

அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் வந்தது. முதல் வகுப்புப் பிள்ளைகளே பேனா பிடிக்கத் தடுமாறும் காலம் அது. இங்கோ 4 வயதுக் குழந்தைகள் இரண்டு பேர், கட்டிட முதலாளிக்கு வாழ்த்தும் நன்றியும் தெரிவித்துக் கடிதம் எழுதினார்கள். மைக்கறை இல்லை. அடித்தல் திருத்தல் இல்லை. செய்தி ரோம் நகரமெங்கும் பரவியது.

கணக்கு விளையாட்டு

மாண்டிசோரியின் கணக்குப் பாடத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில் 10 மரக்கோல்கள். முதல் கோல் 10 சென்டிமீட்டர் நீளம். இரண்டாவது 20. இப்படியே பத்தாவது கோல் 100 சென்டிமீட்டர், அதாவது ஒரு மீட்டர். ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் சிவப்பு, நீலம் என்று மாற்றி மாற்றி வர்ணம் பூசியிருக்கும். மூன்றாவது கோலைக் கையில் எடுத்தால் மூன்று துண்டு தெரியும். ஒன்பதாவது கோலைக் குழந்தை இரண்டு கையையும் அகல விரித்துத் தூக்க வேண்டும். மூன்று சிறியது, ஒன்பது பெரியது என்று சொல்லத் தேவையில்லை. குழந்தையின் கையே சொல்லிவிடும்.

இந்தக் கோல்களில் கூட்டல் எப்படி? ஒன்பதாவது கோலின் நுனியில் முதல் கோலை வைக்க வேண்டும். பத்தாவது கோலின் அளவுக்குச் சரியாக வரும். எட்டோடு இரண்டு, ஏழோடு மூன்று, ஆறோடு நாலு. எல்லாம் பத்துதான்! ஐந்தாவது கோல் மட்டும் ஜோடி இல்லாமல் நிற்கும். அதையே இரண்டு தடவை அளந்தால் பத்து வந்துவிடும்.

பூஜ்யம் என்றால் என்ன? அதற்கும் ஒரு விளையாட்டு. ஒரு குழந்தையை மூன்று தடவை வந்து போகச் சொல்வார். குழந்தை மூன்று தடவை வந்து போகும். அடுத்த குழந்தையைப் பூஜ்யம் தடவை வரச் சொல்வார். அது ஓடி வந்துவிடும்! அது ஒரு தடவை ஆகிவிட்டதே என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். பூஜ்யம் என்றால் அசையாமல் நிற்பது என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். சில்லறைக் காசுகளை மாற்றச் சொல்லியும் எண்ணப் பழக்கினார்.

பிறகு வந்தன பாசி மணிகள். தனி மணி என்றால் ஒன்று. பத்து மணிகளைக் கம்பியில் கோத்தால் பத்து. பத்துக் கம்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்தால் நூறு. அது சதுரமாக இருக்கும். பத்துச் சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஆயிரம். அது பெட்டிபோல் இருக்கும். எல்லாம் தங்க நிறம்.

1,245 என்ற கணக்கை ஒரு குழந்தை தட்டில் எடுத்து வரும். ஆயிரப் பெட்டி 1, நூறு சதுரம் 2, பத்துக் கம்பி 4, தனி மணி 5. இன்னொரு குழந்தை 2,318 கொண்டு வரும். இரண்டு தட்டையும் பாயில் கொட்டிச் சேர்ப்பார்கள். அதுதான் கூட்டல்! தனி மணிகள் 13 இருக்கும். பத்தைக் கொடுத்து ஒரு கம்பி வாங்கிக்கொள்வார்கள். மீதி 3. கம்பிகள் 6, சதுரங்கள் 5, பெட்டிகள் 3. விடை 3,563. பெரிய பிள்ளைகள் பலகையில் ஒன்று மனதில் என்று சொல்லித் திணறுகிறார்களே, அந்த ஒன்று என்ன என்பதை இந்தக் குழந்தை கையால் கொடுத்து வாங்கிவிட்டது.

பாம்பு ஆட்டம் என்றும் ஒன்று உண்டு. மூன்று மணிக் கம்பிக்கு ரோஜா நிறம், ஐந்துக்கு வெளிர் நீலம், ஏழுக்கு வெள்ளை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வர்ணம். பல வர்ணக் கம்பிகளை வளைந்து வளைந்து பாம்புபோல் வைக்க வேண்டும். தலையிலிருந்து பத்து மணி எண்ணி, அவற்றை எடுத்துவிட்டு ஒரு தங்கக் கம்பி வைக்க வேண்டும். இப்படியே எண்ணிக்கொண்டு போனால் வர்ணப் பாம்பு தங்கப் பாம்பாக மாறிவிடும்! குழந்தை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கும். அதற்குள் நூறு கூட்டல் போட்டிருக்கும்.

கணக்கு கற்பிக்கும் இந்த முறையைத் தனி நூலாகவே எழுதி 1934-ம் ஆண்டில் ஸ்பெயினில் வெளியிட்டார்.

புகழும் புயலும்

1909-ம் ஆண்டில் வெளியான அவருடைய முதல் நூல் பல மொழிகளில் வந்தது. 1915-ம் ஆண்டு அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பு ஒன்றை அமைத்தார்கள். குழந்தைகள் உள்ளே வேலை செய்ய, கூட்டம் வெளியே நின்று வேடிக்கை பார்த்தது.

இத்தாலியில் சர்வாதிகாரி முசோலினி முதலில் அவருக்கு ஆதரவு கொடுத்தார். ஆனால் குழந்தைகளைச் சிப்பாய்களாக்க நினைக்கும் ஆட்சியும், குழந்தையின் சுதந்திரத்தை வேண்டும் அம்மையாரும் எத்தனை நாள் ஒத்துப்போக முடியும்? 1934-ம் ஆண்டில் இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியும் மூடியது. 1936-ல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து ஆங்கிலக் கப்பலில் ஏறித் தப்பி, பின்னர் ஹாலந்து நாட்டில் தங்கினார்.

1931-ம் ஆண்டு லண்டனில் மகாத்மா காந்தியும் மாண்டிசோரியும் சந்தித்தார்கள். இந்தியாவுக்கு வர வேண்டும் என்ற ஆசை அம்மையாருக்கு இருந்தது.

அடையாறில் அம்மையார்

1939-ம் ஆண்டு நவம்பரில் அந்த ஆசை நிறைவேறியது. அடையாறு பிரம்மஞான சங்கத் தலைவர் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும் அழைக்க, மகன் மரியோவுடன் சென்னைக்கு வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 69.

அடையாறில் ஓலைக் கொட்டகைகளில் ஆசிரியர் பயிற்சி நடந்தது. இந்தியாவின் பல பக்கங்களிலிருந்தும் சுமார் 300 பேர் வந்து சேர்ந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மரியோ ஆங்கிலத்தில் சொல்வார்.

சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தார்கள். ஆனால் 1940 ஜூன் மாதம் இத்தாலி ஜெர்மனியுடன் சேர்ந்து யுத்தத்தில் குதித்தது. இந்தியாவை அப்போது ஆண்டவர்கள் ஆங்கிலேயர்கள். அவர்களுக்கு இத்தாலியர்கள் எல்லோரும் எதிரிகள்! மரியோவைப் பிடித்துக் காவல் முகாமில் அடைத்தார்கள். அம்மையாரை அடையாறு தோட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்றார்கள்.

பேரக் குழந்தைகள் நாலு பேர் ஹாலந்தில். மகன் முகாமில். மொழி தெரியாத ஊரில் எழுபது வயதை எட்டும் தாய் தனியாக இருந்தார்.

வைஸ்ராய் அனுப்பிய பரிசு

1940 ஆகஸ்டு 31-ந் தேதி அவருடைய எழுபதாவது பிறந்த நாள். அதையொட்டி வைஸ்ராயிடமிருந்து ஒரு தந்தி வந்தது.

பிறந்த நாள் பரிசாக எதைக் கொடுக்கலாம் என்று நெடுநாள் யோசித்தார்களாம். மகனைத் திருப்பி அனுப்புவதே சிறந்த பரிசு என்று முடிவு செய்தார்களாம். இதுதான் தந்தியில் இருந்த செய்தி.

மரியோ விடுதலையாகித் தாயிடம் வந்தார். அப்போது அவருக்கு வயது 42. உறவுப் பையன் என்றோ, வளர்ப்பு மகன் என்றோ தந்தி சொல்லவில்லை. மகன் என்றே சொல்லியது. நாற்பது ஆண்டுகளாகத் தாய் ஊரறியச் சொல்லத் தயங்கிய சொல் அது!

பிறகு தாயும் மகனும் கொடைக்கானலில் சில ஆண்டுகள் தங்கிக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார்கள். இலங்கைக்கும் போய்ப் பயிற்சி அளித்தார்கள். யுத்தம் முடிந்து 1946-ல் ஐரோப்பா திரும்பினார்கள். பிறகும் இந்தியாவுக்கு வந்து போனார்கள். சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு அம்மையாரின் பெயர் 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சிபாரிசு செய்யப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை.

1952-ம் ஆண்டு மே 6-ந் தேதி, ஹாலந்தில் கடற்கரை ஊரான நூர்த்வைக்கில் அவர் காலமானார். வயது 81. அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் பள்ளிகளை மூடிய இத்தாலி, பிற்காலத்தில் தன்னுடைய ஆயிரம் லிரா நோட்டில் அவர் படத்தையே அச்சிட்டது. அவருடைய பணியை மரியோ 1982-ல் தாம் இறக்கும்வரை தொடர்ந்தார்.

நம் வீட்டில்

மாண்டிசோரி சாமான்கள் விலை அதிகம். எல்லோராலும் வாங்க முடியாது. ஆனால் பாடத்தின் சாரம் சாமானில் இல்லை. குழந்தை தானே எடுத்து, தானே சேர்த்து, தானே எண்ண வேண்டும். அவ்வளவுதான். அதற்குப் பண்டிகை நாளைவிட நல்ல நாள் வேறு ஏது?

கார்த்திகைக்கு விளக்கு வைக்கிறீர்கள். ஏற்றுவதற்கு முன் அகல்களைக் குழந்தை கையில் கொடுங்கள். வாசலில் 5, மாடத்தில் 4 வைக்கச் சொல்லுங்கள். மொத்தம் எத்தனை என்று கேளுங்கள். தீபாவளிக்குச் சீடை உருட்டும்போது தட்டில் பத்துப் பத்தாக வரிசை வைக்கச் சொல்லுங்கள். பத்துக்கு ஒன்று குறைந்தால் இன்னும் எத்தனை வேண்டும் என்று குழந்தையே கண்டுபிடிக்கட்டும். பொங்கலுக்குக் கரும்பை வெட்டினால், அண்ணனுக்கு 3, தங்கைக்கு 3 என்று அதன் கையாலேயே பங்கு போடட்டும். கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் ஒட்டும் வீட்டிலும், ரம்ஜானுக்குப் பேரீச்சம்பழம் பங்கிடும் வீட்டிலும் இதே பாடம் நடக்கும்.

ஒரு எச்சரிக்கை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை எதையும் வாயில் போடும். அதன் பக்கத்தில் மணி, விதை, காசு வைக்காதீர்கள். பெரிய குழந்தையானாலும் பக்கத்தில் ஒருவர் இருங்கள்.

விடை தவறினால் குட்ட வேண்டாம். விடையை நீங்களே சொல்லிவிடவும் வேண்டாம். மறுபடி தொட்டு எண்ணச் சொல்லுங்கள். குழந்தை தானே திருத்திக்கொள்ளும்.